நாற்பது வயதில் வந்தியத்தேவன்

பள்ளி விடுமுறையில் கல்கி எழுதிய 'பொன்னியின் செல்வன்' நாவலின் ஐந்து பாகங்களையும் சோறு தண்ணீர் மறந்து படித்து முடித்தவர்கள் தமிழ்நாட்டில் ஏராளம். அவர்களில் பலர் நாற்பதை ஒட்டிய வயதில் அதை மறுபடி கையில் எடுக்கிறார்கள். பிள்ளைக்கென்று வாங்கிய புத்தகம் வீட்டில் சும்மா கிடப்பது ஒரு காரணம். 2022இலும் 2023இலும் மணிரத்னத்தின் இரண்டு பாகப் படம் வந்துபோனது இன்னொரு காரணம். மறுவாசிப்பை முடித்தவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் மூன்று விதமான வியப்பைக் கேட்கலாம். "இத்தனை வருஷமாக நான் நினைத்துக்கொண்டிருந்த காட்சி புத்தகத்திலேயே இல்லையே!" என்பார் ஒருவர். "இந்த அத்தியாயம் அப்போதும் இருந்ததா என்ன?" என்பார் இன்னொருவர். "அப்போது நந்தினி என்றாலே ஆகாது, இப்போது பார்த்தால் பாவமாக இருக்கிறது" என்பார் மூன்றாமவர்.

இதையெல்லாம் பழைய நினைவில் பேசும் பேச்சு என்று ஒதுக்கிவிட வேண்டியதில்லை. மனத்தை ஆராய்பவர்களுக்கு இது அரிதாகக் கிடைக்கும் ஒரு சோதனை. சிறு வயதில் நாம் பழகியவற்றில் பெரும்பாலானவை நம்மோடு சேர்ந்து மாறிவிட்டன. வசித்த தெரு மாறிவிட்டது, பள்ளிக்கூடம் மாடி கட்டிவிட்டது, அன்றைய நண்பனுக்குத் தலை நரைத்துவிட்டது. அச்சான நாவல் மட்டும் அப்படியே இருக்கிறது. பதிப்புக்குப் பதிப்பு ஓர் எழுத்துப் பிழை கூடலாம், குறையலாம், கதை நகராது. ஆகவே இரண்டு வாசிப்புகளுக்கும் இடையே வேறுபாடு தெரிந்தால், அது முழுவதும் வாசகரின் கணக்கில்தான் சேரும். மறுவாசிப்பு நாவலை அளப்பதைவிட அதிகமாக நம்மை அளக்கிறது. மூன்று வியப்புகளும் மூளையின் மூன்று வேறு வேலைகளைக் காட்டிக்கொடுக்கின்றன.

புத்தகத்தில் இல்லாத காட்சி

படித்த வாக்கியம் நம்மிடம் எவ்வளவு நேரம் தங்கும்? ஜாக்குலின் சாக்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் 1967இல் வெளியிட்ட ஆய்வில் இதைச் சோதித்தார். தொலைநோக்கி உருவான கதை போன்ற சிறு பகுதிகளைக் கேட்கச் செய்து, நடுவில் நிறுத்தி, முன்பு வந்த ஒரு வாக்கியத்தைச் சற்றே மாற்றிக் காட்டினார். கேட்டவுடனே காட்டினால் எந்த மாற்றமும் பிடிபட்டது. அரை நிமிடம்கூட ஆகாத இடைவெளிக்குப் பிறகு, பொருள் மாறாமல் சொற்களின் அமைப்பு மட்டும் மாறியிருந்தால் பெரும்பாலோரால் கண்டுபிடிக்க முடியவில்லை. பொருளே மாறியிருந்தால் மட்டும் உடனே சொன்னார்கள். வாக்கியம் கரைந்துவிடுகிறது, அதன் சாரம் தங்குகிறது. அரை நிமிடத்தில் இந்த நிலை என்றால், முப்பது ஆண்டுகளில் கல்கியின் வாக்கியங்களில் எத்தனை மிஞ்சியிருக்கும்?

மிஞ்சிய சாரமும் பத்திரமாக இருப்பதில்லை. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் ஃபிரெடரிக் பார்ட்லெட், வட அமெரிக்கப் பழங்குடி மக்களின் நாட்டுப்புறக் கதையொன்றை இங்கிலாந்து வாசகர்களிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார். நாட்கள், மாதங்கள், சிலரிடம் ஆண்டுகள் கழித்தும் அதைத் திருப்பி எழுதச் சொன்னார். 1932இல் அவர் வெளியிட்ட நூல் நினைவாற்றல் ஆய்வின் அடித்தளங்களில் ஒன்று. திருப்பி எழுதப்பட்ட கதைகள் குறுகியிருந்தன. வாசகருக்குப் புரியாத ஆவிச் சங்கதிகள் கழன்று விழுந்திருந்தன. மரம் குடைந்த தோணி சாதாரணப் படகாகியிருந்தது. கடல்நாய் வேட்டை மீன்பிடிப்பாகியிருந்தது. சொல்லாமல் விட்ட காரணங்களை வாசகர்களே இட்டு நிரப்பியிருந்தார்கள். அவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை. நினைவுகூர்தல் என்பது மிஞ்சிய சில துண்டுகளையும், உலகம் எப்படி நடக்கும் என்ற நம் பொது அறிவையும் சேர்த்துப் புதிதாகக் கட்டும் வேலை என்பது பார்ட்லெட் கண்ட முடிவு.

நாவலில் வரும் சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனின் கொலையை எடுத்துக்கொள்ளுங்கள். கடம்பூர் மாளிகையில் இருளும் குழப்பமுமாக நடக்கும் அந்தக் காட்சியில், கொலையாளி இவர்தான் என்று வாசகருக்குச் சந்தேகமில்லாமல் காட்டுவதைக் கல்கி தவிர்த்துவிட்டார். பின்னால் பழியைத் தம்மேல் இழுத்துக்கொள்பவர்களும் உண்டு. ஆனால் சிறு வயதில் படித்தவர்களைக் கேட்டுப்பாருங்கள்: சதிகாரன் ரவிதாஸன் என்பார் ஒருவர், நந்தினி என்பார் ஒருவர், பெரிய பழுவேட்டரையர் என்பார் ஒருவர். பலர் கண்ணால் கண்டதுபோலக் காட்சியோடு சொல்வார்கள். வரலாற்றுக்கும் இந்த விஷயத்தில் ஒரு குரல் உண்டு. காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடிக் கோயிலில் உள்ள, இராஜராஜன் காலத்துக் கல்வெட்டு, இக்கொலைக்காகத் துரோகிகள் என்று குறிக்கப்பட்டவர்களில் ரவிதாஸனையும் பெயர் சொல்கிறது. அதைப் பின்னாளில் எங்கோ படித்தவருக்கு, நாவலிலேயே அப்படித்தான் இருந்தது என்று தோன்றிவிடும்.

இங்கே பார்ட்லெட் விட்ட இடத்திலிருந்து உளவியலாளர் மார்சியா ஜான்சன் தொடர்கிறார். ஒரு செய்தி நினைவில் நிற்பது வேறு, அது எங்கிருந்து வந்தது என்பது நினைவில் நிற்பது வேறு என்று அவரும் அவருடன் ஆய்ந்தவர்களும் காட்டினார்கள். வந்த இடத்தைப் பற்றிய குறிப்பு, செய்தியைவிட எளிதில் உதிர்ந்துவிடும். 'பொன்னியின் செல்வ'னுக்கு இந்த ஆபத்து மிக அதிகம். 1950 முதல் 1954 வரை 'கல்கி' வார இதழில் தொடராக வந்தபோதே ஓவியர் மணியத்தின் படங்கள் கதையோடு ஒட்டிப் பிறந்தன. இளவரசி குந்தவையின் கொண்டையையும் வந்தியத்தேவனின் மீசையையும் எத்தனையோ வாசகர்கள் அந்தப் படங்களிலிருந்துதான் பெற்றார்கள். வீட்டில் பாட்டியோ அத்தையோ வாயால் சொன்ன கதை அதன்மேல் படிந்தது. பைண்டு செய்த பழைய தொகுப்பைப் படித்தவருக்கு ஒரு முகம், படங்கள் இல்லாத மலிவுப் பதிப்பைப் படித்தவருக்கு ஒரு முகம், இன்றைக்குத் திரைப்படம் பார்த்தவருக்கு இன்னொரு முகம். எல்லாம் ஒரே பெயரில் சேர்ந்துவிட்டபின், இல்லாத காட்சியைப் புத்தகத்தில் தேடுவதில் வியப்பில்லை.

கண்ணில் படாத அத்தியாயம்

சிறு பிள்ளைகள் பக்கங்களைத் தாவிப் படிப்பார்கள், அதனால்தான் சில அத்தியாயங்கள் மனத்தில் இல்லை என்பது பொதுவான விளக்கம். அதில் பாதி உண்மைதான் இருக்கிறது. படிக்கும் கண்ணின் அசைவுகளைப் பல பத்தாண்டுகள் அளந்தவர் கீத் ரெய்னர். கண் வரியின்மேல் சீராக ஊர்வதில்லை. சற்று நின்று, தாவி, மறுபடி நிற்கிறது. ஆங்கிலம் படிக்கும் பெரியவர்களின் கண் ஓரிடத்தில் கால் விநாடிக்கும் சற்றுக் குறைவாக நிற்கும். ஒரு தாவலில் ஏழெட்டு எழுத்துகளைக் கடக்கும். படிக்கப் பழகும் குழந்தையின் கண் அதிக நேரம் நிற்கும், குறைவாகத் தாவும், அடிக்கடி பின்னால் திரும்பும். ஆனால் பத்துப் பன்னிரண்டு வயதுக்குள் இந்த வேறுபாட்டில் பெரும்பகுதி தீர்ந்துவிடுகிறது. பதின்மூன்று வயதில் கல்கியைப் படித்தவரின் கண் தேர்ந்த கண்தான். அந்த அத்தியாயத்தின் எழுத்துகள் விழித்திரையில் விழத்தான் செய்தன. அவற்றை மாட்டி வைக்க உள்ளே ஆணி இல்லை.

இதை அழகாகக் காட்டிய சோதனை 1978இல் ரிச்சர்ட் ஆண்டர்சனும் ஜேம்ஸ் பிச்சர்ட்டும் நடத்தியது. பள்ளிக்கு மட்டம் போட்ட இரண்டு சிறுவர்கள் தங்களில் ஒருவனுடைய வீட்டைச் சுற்றிவரும் கதையை ஆட்களிடம் கொடுத்தார்கள். சிலரைத் திருடனின் கண்ணோடும், சிலரை வீடு வாங்க வந்தவரின் கண்ணோடும் படிக்கச் சொன்னார்கள். திருடனாகப் படித்தவர்கள் விலை உயர்ந்த பொருட்களையும், வாங்குபவராகப் படித்தவர்கள் ஒழுகும் கூரை போன்றவற்றையும் அதிகம் நினைவு வைத்திருந்தார்கள். சுவையான திருப்பம் அடுத்துத்தான் வருகிறது. மறுபடி படிக்கவிடாமல், "இப்போது மற்றவரின் பார்வையில் யோசித்துச் சொல்லுங்கள்" என்றதும், முதலில் சொல்லாத விவரங்கள் சில புதிதாக வெளிவந்தன. உள்ளே இருந்தவற்றை எடுக்கவே ஒரு பார்வை தேவைப்பட்டது.

பதின்மூன்று வயதுக்காரர் இந்த நாவலைப் பெரும்பாலும் ஓலை கொண்டுசெல்லும் தூதன் வந்தியத்தேவனின் பார்வையில்தான் படிக்கிறார். ஓலையைச் சேர்ப்பானா, பிடிபடுவானா, தப்புவானா என்பதே கேள்வி. அந்தக் கேள்விக்கு உதவாத அரசுரிமை வாதங்களும், சைவ வைணவச் சண்டைகளும், சிற்றரசர்களின் நள்ளிரவுக் கூட்டத்தில் பேசப்படும் பட்டத்து நியாயமும் கடந்துபோகின்றன. நாற்பது வயதுக்காரரோ சொத்துப் பிரிவினையைக் கண்டவர், அலுவலக அரசியலில் அடிபட்டவர், பத்துத் தேர்தல்களைப் பார்த்தவர். பட்டம் மதுராந்தகனுக்கா, கரிகாலனுக்கா என்ற வாதம் அவருக்குப் பழகிய வாதம். கல்கி சுதந்திரப் போராட்டத்தில் சிறை சென்றவர், பத்திரிகையாளர், நாடு குடியரசான அதே ஆண்டில் இந்தத் தொடரைத் தொடங்கியவர் என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கும். அதனால் அதே பக்கங்களில் 1950களின் இந்தியாவும் தெரிகிறது.

முன்னறிவு எவ்வளவு வலியது என்பதற்கு 1988இல் அமெரிக்காவில் டோனா ரெக்ட்டும் லாரன் லெஸ்லியும் செய்த ஆய்வு சான்று. பேஸ்பால் ஆட்டம் ஒன்றை வருணிக்கும் பகுதியை மாணவர்களிடம் கொடுத்தார்கள். வாசிப்பில் பின்தங்கியவர்களாக இருந்தாலும் அந்த ஆட்டத்தை நன்கு அறிந்தவர்கள், வாசிப்பில் கெட்டிக்காரர்களாக இருந்து ஆட்டம் தெரியாதவர்களைவிடச் சிறப்பாக நினைவுகூர்ந்தார்கள்.

நாவலின் முதல் காட்சியையே பாருங்கள். ஆடிப் பெருக்கு நாளில் வந்தியத்தேவன் வீர நாராயண ஏரிக் கரையில் குதிரையில் வருகிறான். சிறு வயதில் அது ஏதோ ஓர் ஏரி. முதலாம் பராந்தகன் காலத்தில் வெட்டிய அந்த வீராணம் ஏரியின் தண்ணீர் 2004 முதல் குழாய்களில் சென்னைக்கு வருகிறது. கோடையில் அதன் நீர்மட்டத்தைச் செய்தியில் பார்த்துக் கவலைப்பட்ட சென்னைவாசி இரண்டாம் முறை படிக்கும்போது, குதிரையைவிட ஏரியை அதிக நேரம் பார்ப்பார். வரிகள் அதே வரிகள்தான். அவர் கொண்டுவந்த அறிவு வேறு.

நந்தினி ஏன் மாறிவிட்டாள்?

மூன்றாவது வியப்புத்தான் ஆழமானது. விவரம் கூடுவதால் மட்டும் ஒரு பாத்திரத்தின்மேல் உள்ள வெறுப்பு இரக்கமாக மாறிவிடாது. பிறர் மனத்தில் என்ன இருக்கிறது என்று ஊகிக்கும் திறனே வளர வேண்டும்.

அந்தத் திறன் எப்போது தொடங்குகிறது என்பதை ஹைன்ஸ் விம்மரும் யோசெஃப் பெர்னரும் 1983இல் சோதித்தார்கள். ஒரு சிறுவன் சாக்லேட்டை ஓர் அலமாரியில் வைத்துவிட்டுப் போகிறான். அவன் இல்லாத நேரத்தில் அம்மா அதை வேறு அலமாரிக்கு மாற்றிவிடுகிறாள். திரும்பி வருபவன் எங்கே தேடுவான்? மூன்று வயதுக் குழந்தைகள் பெரும்பாலும் சாக்லேட் இப்போது இருக்கும் இடத்தைக் காட்டுவார்கள். நான்கு முதல் ஆறு வயதுக்குள், அவன் பழைய இடத்தில்தான் தேடுவான் என்பது புரிந்துவிடுகிறது. தனக்குத் தெரிந்தது பிறருக்குத் தெரியாமல் இருக்கலாம் என்ற இந்த அறிவு இல்லாமல் எந்தச் சூழ்ச்சிக் கதையும் ருசிக்காது.

ஆறு வயதில் வந்துவிட்ட திறன் அங்கேயே நின்றுவிடுகிறது என்றுதான் நெடுநாள் நினைத்தார்கள். 2010இல் இரோயிஸ் துமோந்தேய், இயன் அப்பர்லி, சாரா-ஜேன் பிளேக்மோர் மூவரும் ஏழு வயதிலிருந்து இருபத்தேழு வயது வரை உள்ளவர்களிடம் ஒரு சோதனை நடத்தினார்கள். திரையில் தட்டுகள் கொண்ட அலமாரி. அதன் பின்புறம் ஒருவர் நின்று எந்தப் பொருளை நகர்த்த வேண்டும் என்று சொல்கிறார். சில தட்டுகளின் பின்பக்கம் அடைக்கப்பட்டிருப்பதால், நமக்குத் தெரியும் சில பொருட்கள் அவருக்குத் தெரியாது. அவர் சொல்வதை அவர் கண்ணால் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும். இதில் பதினான்கு முதல் பதினேழு வயதுள்ளவர்கள் பெரியவர்களைவிட அதிகம் தவறினார்கள். ஆளை எடுத்துவிட்டு, 'அடைத்த தட்டுகளைக் கணக்கில் கொள்ளாதே' என்று வெறும் விதியாகச் சொன்னபோது இரு தரப்புக்கும் இடையே அந்த வேறுபாடு இல்லை. பிறர் பார்வையை எண்ணும்போதே தக்க நேரத்தில் பயன்படுத்துவது, பதின்பருவம் முடியும் வரை முதிர்ந்துகொண்டே இருக்கிறது. திட்டமிடவும் தன்னைக் கட்டுப்படுத்தவும் உதவும் முன்மூளைப் பகுதி, இருபதுகளின் நடுப்பகுதி வரை வளர்ச்சி பெறுவதும் இதோடு பொருந்துகிறது.

இப்போது நந்தினிக்கு வருவோம். யாருடைய உயிருக்காக அவள் மன்றாடினாளோ அந்தப் பாண்டிய மன்னனின் தலையைக் கரிகாலன் கொய்தான். பழிவாங்குவதற்காக அவள் முதியவரான பெரிய பழுவேட்டரையரை மணந்திருக்கிறாள். அவள் தன்னை நேசிக்கிறாள் என்று அவர் நம்புகிறார். அவர் அப்படி நம்புவது அவளுக்குத் தெரியும். தம்பி சின்னப் பழுவேட்டரையருக்குச் சந்தேகம். அதைச் சொன்னால் அண்ணன் மனம் என்ன ஆகும் என்பதும் தம்பிக்குத் தெரியும். ஒருவர் மனத்துக்குள் இன்னொருவர், அதற்குள் மற்றொருவர். இத்தனை அடுக்கையும் சுமக்க முடியாத வாசக மனம் எளிய வழியைப் பிடிக்கும்: நந்தினி கெட்டவள், கிழவர் ஏமாளி, கதை நகரட்டும். உடலில் அறுபத்து நான்கு விழுப்புண் பெற்ற அந்த மனிதர் தம் வீட்டுக்குள் அனுபவிக்கும் அவமானம், தானும் முதுமையின் வாசலைக் கண்ட பிறகுதான் வாசகருக்கு எட்டுகிறது. அடுக்குகளைப் பிடிக்கும் திறனோடு வாழ்ந்த ஆண்டுகளும் சேர வேண்டியிருக்கிறது.

முடிவு தெரிந்தும் படபடப்பு

மாறியவற்றைப் பார்த்தோம். மாறாமல் இருக்கும் ஒன்று அதைவிட விந்தையானது. கடலில் சுழற்காற்று அடிக்கிறது; அருள்மொழிவர்மன் அலைகளுக்கு நடுவே இருக்கிறான். அவன் மூழ்க மாட்டான் என்பது இரண்டாம் முறை படிப்பவருக்குத் தெரியும். உண்மையில் முதல்முறை படித்தவருக்கும் தெரியும். அவன்தான் இராஜராஜன் ஆகி 1010இல் தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டி முடிக்கப் போகிறவன் என்று பள்ளிப் பாடத்திலேயே இருக்கிறதே! ஆனாலும் ஓடக்காரப் பெண் பூங்குழலியின் படகு வரும்வரை நெஞ்சு அடித்துக்கொள்கிறது.

ரிச்சர்ட் கெரிக் 1989இல் இதைச் சோதித்தார். ஜார்ஜ் வாஷிங்டன் அமெரிக்காவின் முதல் அதிபரானார் என்பது அங்கே குழந்தைக்கும் தெரிந்த செய்தி. அவர் பதவியை ஏற்க முடியாமல் போகலாம் என்ற தொனியில் எழுதிய சிறு கதையைப் படித்தவர்கள், அந்த எளிய செய்தி சரிதான் என்று சொல்லவே வழக்கத்தைவிடக் கூடுதல் நேரம் எடுத்துக்கொண்டார்கள். கதைக்குள் இருக்கும்போது மூளை, வெளியே தெரிந்த முடிவைத் தேடி எடுத்து ஆறுதல் கொள்வதில்லை. நடப்பது இப்போதுதான் முதல்முறை நடப்பதாக எடுத்துக்கொள்கிறது. அன்றாட வாழ்க்கையில் எந்த நிகழ்வும் அச்சுப் பிசகாமல் இரண்டாம் முறை நடப்பதில்லை என்பதால் மூளைக்கு அந்தப் பழக்கமே ஏற்படவில்லை என்பது கெரிக்கின் விளக்கம்.

முடிவை முன்பே சொல்லிவிட்டால் ருசி கெடுமா என்பதையும் பார்த்திருக்கிறார்கள். ஜோனதன் லெவிட்டும் நிக்கோலஸ் கிறிஸ்டன்ஃபெல்டும் 2011இல் சிறுகதைகளைக் கொண்டு செய்த ஆய்வில், முடிவை அறிந்து படித்தவர்களே சற்றுக் கூடுதலாக ரசித்தார்கள். பின்னர் வந்த எல்லா ஆய்வுகளும் இதை ஒப்பவில்லை. ஆனால் மறுவாசிப்பின் ஓர் அனுபவம் அதில் அடங்கியிருக்கிறது. அடுத்து என்ன என்று ஓட வேண்டிய அவசரம் தணிந்ததும், ஒவ்வொரு அத்தியாயத்தையும் கல்கி எந்த இடத்தில் அறுத்து அடுத்த வாரத்துக்கு வைத்தார் என்ற கைவேலை கண்ணுக்குத் தெரிகிறது.

திறப்பதற்கு முன்

இந்தச் சோதனையை வீட்டிலேயே ஒழுங்காகச் செய்யலாம். ஒரே ஒரு கண்டிப்பு: பழைய நினைவை முதலில் எழுதி வைத்துவிட வேண்டும். ஏன் என்பதற்கு 1970களின் ஆய்வு ஒன்று பதில் சொல்கிறது. 1972இல் நிக்சன் பீஜிங்குக்கும் மாஸ்கோவுக்கும் போவதற்கு முன், அப்பயணங்களில் என்னென்ன நடக்கக்கூடும் என்று மாணவர்களிடம் பரூக் ஃபிஷ்ஹாஃபும் ரூத் பெய்த்தும் கணிப்புக் கேட்டார்கள். பயணம் முடிந்த பிறகு, "அன்று நீங்கள் என்ன சொன்னீர்கள்?" என்று கேட்டார்கள். நடந்துவிட்டவற்றுக்கு, தாங்கள் உண்மையில் கொடுத்ததைவிட அதிக வாய்ப்புக் கொடுத்ததாகவே அவர்கள் நினைவுகூர்ந்தார்கள். விடை தெரிந்தபின், தெரியாமல் இருந்த மனநிலைக்குத் திரும்ப வழி இல்லை.

நினைவு திறக்கப்படும்போது அது மாறக்கூடிய நிலைக்கு வருகிறது என்பதற்கு உயிரியல் சான்றும் உண்டு. கரீம் நாடெர், கிளென் ஷாஃபே, ஜோசப் லெடூ மூவரும் 2000இல் எலிகளிடம் பழைய அச்ச நினைவைத் தூண்டிவிட்டு, உடனே மூளையின் அமிக்டலா பகுதியில் புரத உற்பத்தியைத் தடுத்தார்கள். உறுதியாகப் பதிந்துவிட்டதாகக் கருதப்பட்ட அச்சம் அதன்பின் குலைந்துபோனது. எலியின் அச்சத்துக்கும் ஐந்து பாக நாவலுக்கும் தூரம் அதிகம். ஒன்றை வைத்து மற்றதை அப்படியே விளக்கிவிட முடியாது. எனினும் ஃபிஷ்ஹாஃபின் ஆய்வோடு சேர்த்துப் பார்த்தால் எச்சரிக்கை ஒன்றுதான்: முதல் பாகத்தைப் புரட்டியதுமே பழைய பிரதியின்மேல் புதியது எழுதப்படத் தொடங்கிவிடும்.

ஆகவே புத்தகத்தைத் திறப்பதற்கு முன் ஒரு தாளில் எழுதுங்கள். கதை எங்கே தொடங்குகிறது, கரிகாலனைக் கொன்றது யார், எந்தக் காட்சி கண்முன் நிற்கிறது, யாரைப் பிடிக்கும், யாரைப் பிடிக்காது, கடைசிப் பக்கத்தில் என்ன நடக்கிறது. பிறகு படித்து ஒப்பிடுங்கள். தாளில் இருந்து புத்தகத்தில் இல்லாதவை உங்கள் மனம் கட்டியவை. புத்தகத்தில் இருந்து தாளில் இல்லாதவை அன்று நீங்கள் இன்னும் வந்து சேராத இடங்கள்.

வீட்டில் பதின்மூன்று வயதுப் பிள்ளை ஒன்று இப்போதுதான் ஐந்தாம் பாகத்தை முடித்திருந்தால், அதனிடமும் ஒரு பக்கம் எழுதி வாங்கித் தேதி போட்டு வைக்கலாம். அன்றைய வாசிப்பு எப்படி இருந்தது என்பதை இன்றைய நினைவிலிருந்து ஊகிக்க வேண்டிய தொல்லை நமக்குத்தான். அந்தப் பிள்ளை நாற்பது வயதில் மறுபடி படிக்கும்போது அதன் கையில் சாட்சியே இருக்கும்.